வரிசையில் நிற்காதவர்களின் வீடு

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இப்பகுதியில் சிங்கப்பூரின் வீட்டு விலை பற்றி ஒரு சிறு பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: எத்தனை வீடு தேவை என்பதை யார், எதை வைத்து எண்ணுகிறார்கள்? அந்த எண்ணிக்கையில் நாங்கள் இருக்கிறோமா? எனவே இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

“ஐயா, கலிஃபோர்னியாவில் வசிக்கும் என் மகள், அங்கே ஒவ்வோர் ஊருக்கும் இத்தனை வீடு வேண்டும் என்று அரசு கணக்குப் போட்டுக் கொடுக்கிறது என்றாள். சிங்கப்பூரில் அந்தக் கணக்கைப் போடுவது நகர மன்றமா?” – ஓய்வுபெற்ற ஆசிரியை, ஈசூன்

நகர மன்றம் அல்ல, அம்மா. 1989 முதல் செயல்பட்டுவரும் நகர மன்றங்களின் வேலை, கட்டி முடிக்கப்பட்ட பேட்டைகளைப் பராமரிப்பது. மின்தூக்கி, பொது நடைபாதை, துப்புரவு, அதற்கான மாதக் கட்டணம் ஆகியவற்றோடு அவற்றின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. எங்கே, எத்தனை வீடு கட்டுவது என்பதைத் தேசிய வளர்ச்சி அமைச்சும், அதன்கீழ் வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும், நகர மறுசீரமைப்பு ஆணையமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. தீவு 5 வட்டாரங்களாகவும் 55 திட்டப் பகுதிகளாகவும் பிரிக்கப்பட்டு, எந்த நிலத்தில் என்ன வரும் என்பதைச் சொல்லும் பெருந்திட்டம் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது.

உங்கள் மகள் சொன்ன முறை வேறு வகையானது. 1969 முதல் கலிஃபோர்னியச் சட்டம், ஒவ்வோர் ஊரும் தன் பங்குக்கு வேண்டிய வீடுகளுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது. பெரும்பாலான வட்டாரங்களில் 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாநில வீட்டுவசதித் துறை வட்டாரத்துக்கு ஒரு மொத்த எண்ணிக்கையைக் கொடுக்கும். வட்டார மன்றம் அதை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கும். அந்த எண்ணிக்கை வெறும் மொத்தமாக நின்றுவிடுவதில்லை. வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் பாதிகூட ஈட்டாதவர்களுக்கு எத்தனை, 50 முதல் 80 விழுக்காடு வரை ஈட்டுபவர்களுக்கு எத்தனை, 80 முதல் 120 விழுக்காடு வரை எத்தனை, அதற்கும் மேல் எத்தனை என்று நான்காகப் பிரிக்கப்படுகிறது. இப்போதைய சுற்றில் மாநிலம் முழுவதற்கும் கேட்கப்பட்டிருப்பவை சுமார் 2.5 மில்லியன் வீடுகள். அவற்றில் சுமார் 1 மில்லியன் குறைந்த வருமானத்தினருக்கு உரியவை.

ஆனால் அங்கே ஊராட்சிகள் வீடு கட்டுவதில்லை. கட்ட அனுமதிக்கும் நிலத்தை வரைபடத்தில் காட்டுவதோடு அவற்றின் கடமை பெரும்பாலும் முடிகிறது. தனியார் முன்வராவிட்டால் எண்ணிக்கை தாளிலேயே உறங்கும். இங்கே நிலத்தின் பெரும்பகுதி அரசின் கையில் இருக்கிறது. எண்ணுவது, கட்டுவது, விற்பது, கடன் கொடுப்பது எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளின் வேலை. எண்ணியது கட்டடமாக எழுந்துவிடும் என்பது நம் முறையின் பெரிய பலம். எண்ணிக்கை தவறினால், பக்கத்து ஊர் சரியாகக் கணக்கிட்டது என்று அங்கே போய்க் குடியேற நமக்கு வேறு ஊர் இல்லை என்பது அதன் மறுபக்கம். அதனால்தான் எண்ணும் முறையைப் பற்றிக் குடிமக்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

“அப்படியானால் எப்படித்தான் எண்ணுகிறார்கள்? விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர் என்பது மட்டும்தானே நாளிதழில் வருகிறது?” – வாசகர், அங் மோ கியோ

இம்மாதக் கேள்விகளில் என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது இதுதான்.

‘தேவை’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வெவ்வேறு பொருள்களுக்குப் பயன்படுத்துகிறோம். காசும் தகுதியும் உடையவர் வந்து கேட்பது ஒன்று. கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு குடும்பம் மனிதராய் வாழ வேண்டிய இடம் மற்றொன்று. முன்னது வரிசையில் நிற்கும், எண்ணுவது எளிது. பின்னது வரிசைக்கே வராது; அதைத் தேடிப் போய்த்தான் எண்ண வேண்டும்.

இந்நாட்டின் வீடமைப்பு வரலாறு, தேடிப் போய் எண்ணியதில்தான் தொடங்கியது. 1953–54இல் கோ கெங் சுவீ, பின்னாளில் துணைப் பிரதமரானவர், அப்போது சமூகநலத் துறையில் இருந்தவர், நகர்ப்புறக் குடும்பங்களின் வருமானத்தையும் வசிப்பிடத்தையும் சேர்த்து ஆராய்ந்தார். ஒரு கடைவீட்டு மாடியைப் பலகைத் தடுப்புகளால் கூறுபோட்டு, சன்னல் இல்லாத ஒரு தடுப்புக்குள் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த காலம் அது. அவர்கள் எந்த அலுவலகத்திலும் வீடு கேட்டு வரிசையில் நிற்கவில்லை. 1960 பிப்ரவரி 1ஆம் தேதி வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்ட காலத்தில், அடுத்த பத்தாண்டுகளுக்குச் சுமார் 147,000 வீடுகள் வேண்டும் என்று மதிப்பிடப்பட்டது. அதன் பிரிவுகளைப் பாருங்கள்: நெரிசலைக் குறைக்க 80,000, நகர மையச் சீரமைப்பினால் இடம்பெயர்பவர்களுக்கு 20,000, மக்கள்தொகைப் பெருக்கத்துக்கு 47,000. அதாவது, அந்த எண்ணிக்கையின் பெரும்பகுதி புதிதாக வரப்போகிறவர்களுக்காக அல்ல. ஏற்கெனவே இங்கே, ஏதோ ஒரு கூரையின்கீழ் ஒடுங்கிக் கிடந்தவர்களுக்காக. அதுவரை இருந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டியது சுமார் 23,000 வீடுகள். கழகமோ முதல் 5 ஆண்டுகளிலேயே 50,000க்கும் மேல் கட்டி முடித்தது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தது அந்த வேகத்துக்கு ஒரு காரணம். என்ன கட்ட வேண்டும் என்பது முன்பே எண்ணப்பட்டிருந்தது மற்றொரு காரணம்.

பிற்காலத்தில் நாம் வரிசையை எண்ணத் தொடங்கினோம். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் முறையில், 1990களின் நடுவில் வரிசை மிக நீளமாகத் தெரிந்தது. அதை நம்பி ஏராளமாகக் கட்டினார்கள். 1997இன் ஆசிய நிதி நெருக்கடி வந்ததும் வரிசையில் நின்றவர்கள் கலைந்துபோனார்கள். அதன் விளைவாகச் சுமார் 31,000 வீடுகள் விற்காமல் நின்றன. வரிசை நீளமாக இருந்தது உண்மைதான். ஆனால் அதில் பலர் விலை ஏறுமுன் இடம் பிடித்து வைத்தவர்கள், வேலை போனதும் விலகியவர்கள். சூடுபட்ட பூனையாகி, 2001 முதல், போதிய முன்பதிவு வந்த பிறகே கட்டும் முறைக்கு மாறினோம். இன்று எல்லாரும் பிடிஓ என்று சொல்லும் திட்டம் அதுதான். பத்தாண்டு கழிவதற்குள் அதன் குறையும் தெரிந்தது. கேட்ட பிறகு கட்டினால், கேட்டவர் சாவி வாங்க 3, 4 ஆண்டுகள் ஆகும். அதற்குள் மணமாகி, பிள்ளையும் பிறந்துவிடும். மக்கள்தொகை வேகமாகக் கூடிய அந்த ஆண்டுகளில் கட்டப்பட்டவை போதவில்லை. 2011 பொதுத்தேர்தலில் வீட்டுப் பிரச்சினை சூடாக எழுந்தது. 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 25,000க்கு மேற்பட்ட வீடுகள் விற்பனைக்கு விடப்பட்டன. கொவிட் காலத் தாமதத்துக்குப் பிறகு, 2021 முதல் 2025 வரை 100,000 வீடுகள் என்ற இலக்கு வைக்கப்பட்டு எட்டப்பட்டது. ஒருமுறை வரிசையை முழுதாய் நம்பி மிகையாகக் கட்டினோம். மறுமுறை வரிசை வரட்டும் என்று காத்திருந்து குறைவாகக் கட்டினோம். இரண்டு தவறுகளுக்கும் வேர் ஒன்றே.

வரிசையில் தெரியாத தேவை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதற்கு நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கு சொல்கிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஒரு குடும்பத்தின் சராசரி அளவு 2010இல் 3.5 பேராக இருந்து 2020இல் 3.2 பேராகக் குறைந்தது. சிங்கப்பூரில் வசிக்கும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் சேர்ந்து சுமார் 4 மில்லியன் பேர். 4 மில்லியனை 3.5ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1,143,000, 3.2ஆல் வகுத்தால் 1,250,000. ஒரே ஒரு புதிய ஆள்கூட வராமல், மக்கள் சிறு சிறு குடும்பங்களாகப் பிரிந்து வாழத் தொடங்கியதனால் மட்டுமே 100,000க்கும் மேற்பட்ட வீடுகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. தனியாக ஒருவரே வாழும் வீடுகளின் பங்கு அதே பத்தாண்டில் 12 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாக ஏறியது. கணவரை இழந்த பாட்டி ஒருவர் நான்கறை வீட்டில் தனியே விளக்கேற்றிக்கொண்டிருப்பதும் இந்தக் கணக்குக்குள் அடக்கம்.

இதற்கு நேர் எதிரான வீட்டையும் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தோ பாயோவில் ஒரு மூவறை வீட்டுக்கு விருந்தினராகப் போயிருந்தேன். மூவறை என்றாலும் கூடத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு, படுக்கையறைகள் இரண்டே. பாட்டி, கணவன் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், கணவரின் தம்பி என ஆறு பேர். சோபாவுக்குப் பின்னால் சுவரை ஒட்டி ஒரு மெத்தை, வேட்டியைக் கிழித்த துணியால் கட்டிச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. இரவு தொலைக்காட்சி அணைந்த பிறகுதான் அது விரியும். காலையில் பிள்ளைகள் பள்ளிச் சீருடை மாட்டுவதற்குள் சுருண்டுவிட வேண்டும். அந்தத் தம்பிக்கு அப்போது 31 வயது. மணமாகவில்லை என்பதால் புதுவீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. வெளியே அறை எடுக்கக் கட்டுப்படியாகாது. எந்த விண்ணப்பப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை. அவருடைய தேவை அந்த மெத்தைக்குள் சுருண்டிருந்தது.

தமிழ்நாட்டையும் சேர்த்த இந்திய நகரங்களைப் பற்றி 2012இல் வெளியான அரசு மதிப்பீடு இதை எண்ணால் காட்டியது. நகர்ப்புறத்தில் 18.78 மில்லியன் வீடுகள் பற்றாக்குறை என்றது அம்மதிப்பீடு. அதில் சுமார் 80 விழுக்காடு, கூரையே இல்லாதவர்களால் அல்ல, ஒரே வீட்டில் நெருக்கியடித்து வாழும் குடும்பங்களால் வந்தது. கலிஃபோர்னியாவும் இப்போதைய சுற்றில்தான் நெரிசலையும் வாடகைச் சுமையையும் கணக்கில் முறையாகச் சேர்த்தது. எண்ணிக்கை முந்தைய சுற்றைவிடப் பல வட்டாரங்களில் மடங்காக உயர்ந்ததற்கு அது முக்கியக் காரணம். நம் கழகத்திடமும் புள்ளிவிவரத் துறையிடமும் வயது, குடும்ப அளவு, வீட்டின் பரப்பு ஆகிய தரவுகள் இருக்கின்றன. விற்பனைக்கு விட்ட வீடுகளுக்கு எத்தனை மடங்கு விண்ணப்பம் வந்தது என்பதை வெளியிடுவதுபோல், எத்தனை வீடுகளில் ஓர் அறைக்கு எத்தனை பேர் என்பதையும் திட்டப் பகுதிவாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால், தேவை பற்றிய பேச்சே மாறிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

“எங்கள் இருவரின் மாத வருமானம் சேர்ந்து 6,000 வெள்ளி. ‘கட்டுப்படியாகும் விலை’ என்கிறார்கள். யாருக்குக் கட்டுப்படி என்று எப்படித் தீர்மானிக்கிறார்கள்?” – மணமாகவிருக்கும் இணையர், பொங்கோல்

முதலில் வாழ்த்துகள். உங்கள் எண்ணிக்கையை வைத்தே கணக்கைப் பார்த்துவிடுவோம். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) கடன் வாங்குபவரின் மாதத் தவணை, வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. உங்களுக்கு அது 1,800 வெள்ளி. விலையில் 75 விழுக்காடு வரையே கடன் கிடைக்கும். 2024 ஆகஸ்ட்டில் அந்த உச்சவரம்பு 80இலிருந்து குறைக்கப்பட்டது. 400,000 வெள்ளி வீடு என்று வைத்துக்கொண்டால், கடன் 300,000. வட்டி 2.6 விழுக்காடு, 25 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,360 வெள்ளி, அதாவது உங்கள் வருமானத்தில் 23 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. ஊழியரும் முதலாளியும் கட்டாயமாகச் சேர்க்கும் மத்திய சேம நிதியில், வீட்டுத் தவணைக்கு எடுக்கக்கூடிய சாதாரணக் கணக்கில் 35 வயது வரை சம்பளத்தில் 23 விழுக்காடு சேர்கிறது; உங்களுக்கு 1,380 வெள்ளி. தவணையை அதுவே தாங்கிவிடும், கைப்பணம் வேண்டாம். மீதி 100,000க்குச் சேமிப்பும், வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கும் மானியமும் உதவும். முதல்முறை வாங்கும் குடும்பத்துக்கு அந்த மானியம் 2024 ஆகஸ்ட் முதல் 120,000 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. வருமானம் ஏற ஏறக் குறைந்து, 9,000 வெள்ளியைத் தாண்டினால் கிடைக்காது. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் அதற்குத் தனி மானியம் உண்டு.

இதைத்தான் கட்டுப்படியாகும் என்கிறார்கள். இந்த அளவுகோல் நேர்மையானது, சரிபார்க்கக்கூடியது. வெளிநாட்டு நகரங்கள் சிலவற்றில் வீட்டுக் கடனுக்குச் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதி போகிறது என்பதையும் மறக்கக்கூடாது. ஆயினும் மூன்று இடங்களில் அது பார்ப்பதில்லை.

வயது ஒன்று. 35ஐத் தாண்டியதும் சாதாரணக் கணக்குக்குச் செல்லும் பங்கு 21 விழுக்காடாகக் குறையும். சம்பளம் உயராமலே இருந்தால் 1,260 வெள்ளிதான் சேரும். மாதம் 100 வெள்ளி கையிலிருந்து போடவேண்டிவரும். 45க்கு மேல் அது மேலும் குறையும். 28 வயதில் கணக்குப் போடும்போது 46 வயதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சம்பளமாக வராத வருமானம். தேக்காவில் பூக்கடையில் நிற்பவர், பகலில் ஒரு வேலையும் மாலையில் உணவு விநியோகமும் செய்பவர், திருமணங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர் ஆகியோருக்கு மாதந்தோறும் ஒரே தொகை வராது; பலருக்குச் சேமநிதியே சேராமல் இருந்தது. 2025 ஜனவரி முதல், 1995ஆம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் பிறந்த இணையத்தள ஊழியர்களுக்கு (செயலிவழி உணவு விநியோகம் போன்ற வேலை செய்பவர்களுக்கு) சேமநிதிப் பங்களிப்பு கட்டாயமானது நல்ல மாற்றம். சராசரி வருமானத்தை வைத்துக் கட்டுப்படியை அளக்கும்போது இவர்கள் சராசரிக்குள் கரைந்து மறைந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, தவணைக்குப் பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்பது. வீட்டுக்கு 23 விழுக்காடு என்பது பிள்ளை பராமரிப்பு, தாயாரின் மருந்து, ஊருக்கு அனுப்பும் பணம் எதையும் அறியாது. தூரமும் அப்படியே. சென்னையில் கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு வீடு ஏறத்தாழ இலவசமாகவே கிடைத்தது. ஆனால் வீட்டுவேலைக்குப் போன பெண்களில் பலர், பேருந்துச் செலவும் நேரமும் கட்டுப்படியாகாமல் வேலையை விட்டார்கள். அந்த வீடு கட்டுப்படியானதா? சிங்கப்பூரில் தூரங்கள் குறைவு, போக்குவரத்து நன்று. இருந்தாலும் தீவின் மேற்கே தெங்காவில் வீடும் கிழக்கே சாங்கியில் அதிகாலை வேலையும் உள்ள இணையருக்கு அந்தத் தூரமும் விலையில் ஒரு பகுதிதான்.

உங்களுக்கு என் யோசனை: 30 விழுக்காட்டு உச்சிவரை போகாதீர்கள். உங்களில் ஒருவர் ஓராண்டு வேலையின்றி இருந்தாலும் தவணை நிற்காதபடி வீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

“36 வயது, மணமாகாதவள். தாயாரோடு இருக்கிறேன். எங்களைக் கணக்கில் எடுப்பதே இல்லையா?” – வாசகி, புக்கிட் பாத்தோக்

மெல்ல மெல்ல எடுக்கிறார்கள். 1991இல் 35 வயதைக் கடந்த ஒற்றையருக்கு மறுவிற்பனை வீடு வாங்க அனுமதி கிடைத்தது. 2013இல் முதிர்ச்சியடையாத பேட்டைகளில் புதிய ஈரறை வீடுகளை வாங்கலாம் என்றார்கள். 2024 அக்டோபர் முதல், வீட்டின் இருப்பிடத்தை வைத்து ஸ்டாண்டர்ட், பிளஸ், பிரைம் என்று பிரிக்கும் புதிய வகைப்பாடு வந்ததோடு, எந்த இடத்திலும் புதிய ஈரறை வீட்டுக்கு ஒற்றையர் விண்ணப்பிக்கலாம். பெற்றோருக்கு அருகில் வாழ மறுவிற்பனையில் மானியமும் உண்டு. தாயாரைக் கவனிப்பது பெரும்பாலும் மணமாகாத மகளின் தலையில் விழும் நம் குடும்பங்களில் இது சிறிய செய்தி அன்று. விண்ணப்பியுங்கள், முதல் முறை கிடைக்காவிட்டால் மறுபடியும் விண்ணப்பியுங்கள்.

“எங்கள் ஐந்தறை வீட்டை விற்க ஓராண்டாக முயல்கிறேன். வாங்க வரும் சீனக் குடும்பங்களுக்கு, புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிறைந்துவிட்டது என்று பதில் வருகிறது. பக்கத்து வீடு நல்ல விலைக்கு விற்றுவிட்டது. இது நியாயமா?” – வாசகர், ஜூரோங்

இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச்சில் வந்தது. இனவாரியாகப் பேட்டைகள் பிரிந்துவிடக்கூடாது என்பது அதன் நோக்கம். அந்நோக்கத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். ஓர் இனத்தார் எத்தனை விழுக்காடு வீடுகளில் இருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு: இந்தியர்களுக்கும் ‘மற்றவர்கள்’ பிரிவினருக்கும் சேர்த்து அக்கம்பக்க வட்டாரத்தில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால், அங்குள்ள சீனர் சீனருக்கு விற்கலாம், விகிதம் மாறாது. இந்தியர் சீனருக்கு விற்க முடியாது. மக்கள்தொகையில் நாம் சிறு பங்கினர் என்பதால் நமக்கு மிஞ்சும் வாங்குநர்கள் குறைவு, ஆகவே விலையும் தாழ்கிறது. பொது நன்மைக்கான செலவு ஒரு சில வீட்டு உரிமையாளர்களின் பையிலிருந்து போகிறது என்பது உங்கள் மனக்குறை. அது நியாயமான மனக்குறை. அரசாங்கமும் இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. இதனால் விற்க இயலாமல் நிற்கும், நீண்டகாலம் வீட்டை வைத்திருந்த உரிமையாளர்களிடமிருந்து கழகமே திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022இல் அறிவிக்கப்பட்டது. உங்களுக்கு அது பொருந்துமா என்று கழகக் கிளையில் நேரில் கேளுங்கள். வாங்க முன்வந்தவர்களின் விவரத்தையும் வந்த மறுப்புகளையும் எழுத்தில் கொண்டுபோங்கள். தொகுதி உறுப்பினரின் மக்கள் சந்திப்பிலும் சொல்லி வையுங்கள்.

   

“ஐயா, நான் சிவகங்கைப் பக்கம். தெங்காவில் வீவக கட்டுமானத்தில் வேலை. தங்குவது துவாஸ் விடுதி, அறையில் 16 பேர், என் கட்டில் எண் 9. இந்த வீட்டுக் கணக்கில் நாங்கள் உண்டா?” – கட்டுமான ஊழியர்

தம்பி, நேரடியாகச் சொல்கிறேன்: வீட்டுக் கணக்கில் இல்லை. 2024 நடுவில் சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 6.04 மில்லியன், அதில் 1.86 மில்லியன் பேர் குடிமக்களோ நிரந்தரவாசிகளோ அல்லர். நான் மேலே வகுத்துக் காட்டிய 4 மில்லியனில் நீங்கள் வரவில்லை. விடுதிகளைக் கவனிப்பது மனிதவள அமைச்சு. உங்கள் கட்டில், வீடாக அல்லாமல், உங்களை வேலைக்கு எடுத்தவரின் பொறுப்பாகவே பதிவாகிறது.

2020 ஏப்ரலில் சுமார் 323,000 ஊழியர்கள் விடுதிகளில் தங்கியிருந்தார்கள். ஒரே அறை, ஒரே குளியலறை, ஒரே அடுப்படி என்று வாழ்ந்தவர்களிடையே கொவிட் நோய் எப்படிப் பரவியது என்பதை அன்று நாடே பார்த்தது. எண்ணப்படாத தேவை தன்னைத் தானே காட்டிக்கொண்ட வேளை அது. அதன் விளைவாக, 2021 செப்டம்பரில் புதிய விடுதிகளுக்கான தரம் அறிவிக்கப்பட்டது: ஓர் அறையில் 12 பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம், கட்டில்களுக்கிடையே 1 மீட்டர் இடைவெளி. பழைய விடுதிகள் 2030க்குள் இடைக்காலத் தரமாக அறைக்கு 12 பேர், ஒருவருக்கு 3.6 சதுர மீட்டர் என்ற நிலைக்கு வர வேண்டும். 2040க்குள் முழுத் தரத்தை எட்ட வேண்டும். உங்கள் அறையில் இன்னும் 16 பேர் இருப்பதற்கு இந்த அவகாசம்தான் காரணமாக இருக்கும்.

2040 மிகத் தொலைவு என்பதே என் கருத்து. நீங்கள் பூசும் சுவருக்குப் பின்னால் ஓர் இளம் இணையர் தங்கள் கட்டிலை எங்கே போடுவது என்று அளந்துகொண்டிருப்பார்கள். அந்த அளவைப் பற்றி இந்நாடு எத்தனையோ கூட்டங்கள் நடத்தியிருக்கிறது. உங்கள் அளவும் அதே மேசையில், அதே தாளில், வீட்டுத் தேவை என்ற தலைப்பின்கீழ் வர வேண்டும்.

ஒரு வேண்டுகோள். வேலைத்தளத்து அளவுநாடா உங்களிடம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அறையின் நீளம், அகலம், உங்கள் கட்டிலுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் இடையே உள்ள தூரம் ஆகியவற்றை அளந்து எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயரோ விடுதியின் பெயரோ வேண்டாம். வேறு விடுதிகளில் இருக்கும் தம்பிகளும் எழுதலாம். வரும் அளவுகளை இந்தப் பக்கத்தில் வெளியிடுகிறேன்.